அவருக்கு மட்டும் ஏன் நேரமில்லை?

கேள்வி: எனக்கு 34 வயது. திண்டுக்கல்லில் இருக்கிறேன். ஐந்து வருடமாகச் சிலம்பம் பழகுகிறேன். வாரம் ஆறு நாள் காலை 5 முதல் 7 வரை ஆசானிடம் பயிற்சி, நான்கு நாள் மாலையில் ஜிம். முதலில் மளமளவென்று முன்னேறினேன். ஒன்றரை வருடமாக அப்படியே நிற்கிறேன். படுத்தபடி எடையை மேலே தூக்கும் பெஞ்ச் பிரஸ் 70 கிலோவைத் தாண்டவில்லை. எதிராளியைக் கம்பால் தொட்டுப் புள்ளி எடுக்கும் தொடுமுறைப் போட்டியில் இரண்டு முறையும் முதல் சுற்றிலேயே தோற்றேன். என் மனைவியும் கல்லூரியில் சிலம்பம் சுற்றியவர்தான், மாவட்ட அளவில் பரிசு வாங்கியவர். குழந்தை பிறந்த பிறகு அவருக்கு நேரமில்லை. இப்போதெல்லாம் கம்பை எடுக்கவே எனக்கு மனம் வரவில்லை. உற்சாகத்தை எப்படித் தக்கவைப்பது?

பதில்: விடாமல் சுற்றுங்கள், பலன் வரும் என்று நான் எழுதப்போவதில்லை தம்பி. கிலோக் கணக்குக்கும் போட்டிக் கணக்குக்கும் நடுவே, போகிற போக்கில் மனைவியைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, என் கண் அங்கேயே நின்றுவிட்டது.

அவருக்கு நேரமில்லை. உங்களுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? ஆறு நாள் காலையும் நான்கு நாள் மாலையும் நீங்கள் வெளியே இருக்கும்போது குழந்தைக்குப் பால் காய்ச்சுவது யார்? குளிப்பாட்டுவது யார், அழுதால் தூக்குவது யார்? உங்கள் பயிற்சி நேரம் முழுவதும் அவர் கையிலிருந்து எடுத்தது. அதை எடுத்துக்கொண்டு, அவருக்கு நேரமில்லை என்று எனக்கே எழுதுகிறீர்கள். கோபம் வருகிறது. குழந்தை இரண்டு பேருக்கும் பிறந்தது. வளர்ப்பதும் இரண்டு பேர் கடமைதான், உதவி என்று சொல்லாதீர்கள்.

இன்னொன்று. பரிசு வாங்கிய ஒருவரை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, ஒன்றரை வருடத்தில் ஒரு முறையாவது "என் காலடியைக் கொஞ்சம் பார்" என்று கேட்டீர்களா? கேட்டிருந்தால் கடிதத்தில் இருந்திருக்கும். தனியாக நின்று அலங்காரமாகச் சுற்றுவது வேறு, தொடுமுறையில் எதிராளியின் அசைவைப் படித்து, தூரம் பார்த்து உள்ளே போய் வெளியே வருவது வேறு. தினமும் அதே ஆட்களோடு, அதே பாடத்தை அதே வரிசையில் செய்தால் அவர்களுடைய அடி உங்களுக்கு மனப்பாடமாகிவிடும். புது ஆள் எதிரே வந்தால் கால் தடுமாறும். எங்கே தடுமாறுகிறது என்பது பழகிய கண்ணுக்குத்தான் தெரியும். அந்தக் கண் உங்கள் சமையலறையில் நிற்கிறது.

ஜிம் விஷயம் சுருக்கமாக. ஆரம்பத்தில் வலு வேகமாகக் கூடியதற்குப் பெரும் காரணம், இருக்கிற தசையை நன்றாக ஏவ நரம்புகள் கற்றுக்கொண்டது. அந்தக் கட்டம் எல்லோருக்கும் முடியும். அதன்பிறகு தசை வளர வேண்டும். அது வளர்வது ஓய்விலும் உறக்கத்திலும். கற்ற அடிகள் உடம்பில் பதியவும் உறக்கம் வேண்டும். விடிகாலை 5 மணிக்குக் களத்தில் நிற்பவர் இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. கம்பை எடுக்க மனம் வராததற்குப் பாதிக் காரணம் வெறும் களைப்பாக இருக்கலாம். ஜிம்மை இரண்டு நாளாகக் குறையுங்கள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு வாரம் தூக்கும் எடையைப் பாதியாக்குங்கள். பிறகு 70-லிருந்து 75-க்குத் தாவாமல் 72.5 வையுங்கள்.

சிலம்பத்துக்கும் வாரம் மூன்று காலைதான். மற்ற மூன்று காலை உங்கள் மனைவிக்கு. அவருக்கு விருப்பமா என்று முதலில் கேளுங்கள். நடனம் கற்கவோ, சும்மா தூங்கவோ ஆசைப்பட்டாலும் அந்த நேரம் அவருடையதுதான். சிலம்பம் என்றால், நடுவில் பல வருடம் விட்டிருப்பதால் காலடியிலிருந்து மெதுவாகத் தொடங்கட்டும். அந்த மூன்று நாளும் குழந்தையை நீங்களே பார்க்க வேண்டும், உங்கள் அம்மாவிடம் தள்ளிவிடக் கூடாது.

அடுத்த போட்டியில் ஜெயிப்பீர்களா என்று எனக்குத் தெரியாது. இந்த ஏற்பாட்டை அதற்காகச் சொல்லவும் இல்லை. அவர் வருவதானால் ஆசானிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். சொல்லும்போது, நான் அவளுக்கு அனுமதி கொடுத்திருக்கிறேன் என்ற தோரணை மட்டும் வேண்டாம்.