அணியக்கூடிய கலை ஆடைகள் என்கிறார்களே, அவற்றை யாராவது உண்மையில் உடுத்துவார்களா?

நான் உடுத்துகிறேன். போன மாதம் கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டு போனேன், அப்படி நானே தைத்த கோட்டைப் போட்டிருந்தேன், கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினேன், ஒரு தையல்கூடப் பிரியவில்லை. பக்கத்தில் நின்ற சிங்கள ஆச்சி ஒருவர் கோட்டின் கையைத் தடவிப் பார்த்துவிட்டு விலை கேட்டார், அது வேறு கதை.

காலி வீதிக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் 31 வருடமாகத் தைக்கிறேன். பகலில் சாறி பிளவுஸ், பள்ளிக்கூட யூனிஃபோம், சாறிக்கு ஃபோல்ஸ் அடிப்பது. இரவுச் சாப்பாடு முடிந்தபிறகுதான் என் வேலை. பிளவுஸ் வெட்டும்போது கழுத்திலும் கக்கத்திலும் துண்டுகள் மிஞ்சும். கேட்டால் திருப்பிக் கொடுப்பேன், பெரும்பாலும் கேட்கமாட்டார்கள். அதெல்லாம் பிஸ்கட் டின்களில் சேர்ந்து, ஒரு கட்டத்தில் கட்டிலுக்குக் கீழே கால்வைக்க இடமில்லாமல் போய்விட்டது. அந்தக் கோட் முழுக்க அந்தத் துண்டுகள்தான்.

துண்டு பட்டா பொலியெஸ்டரா என்று கண்ணால் சொல்லமுடியாது. இரண்டு நூலை உருவி நெருப்பில் காட்டுவேன். பட்டு என்றால் தலைமயிர் கருகின மணம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும்; பொலியெஸ்டர் உருகி மணிபோல இறுகிவிடும். இதைப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே சூட்டில் அயர்ன் பண்ணப்போய், பத்து நாள் தைத்த முதுகுப்பக்கத்தின் நடுவில் ஓர் ஓட்டை விழுந்தது. அடியில் வைக்கும் பருத்தித் துணியையும் முதலில் நனைத்துக் காயவைத்துத்தான் வெட்டவேண்டும், இல்லாவிட்டால் முதல் தோய்ப்பிலேயே அது சுருங்கி மேலே உள்ளதெல்லாம் கொப்புளிக்கும். மேலே கோடுகள் தைப்பதற்கு மெஷினில் துணியைத் தள்ளும் பல்லை இறக்கிவிட்டுத் துணியைக் கையால் ஓட்டவேண்டும். என் பழைய கால் மெஷினில் பல் இறங்காது, அதன்மேல் மெல்லிய தகடு வைத்து மூடிவிட்டுத் தைக்கிறேன்.

ஆனால் உங்கள் கேள்விக்கான விடை கக்கத்தில்தான் இருக்கிறது. இரண்டு மூன்று அடுக்குத் துணியில் தைத்த கோட் மட்டை மாதிரி விறைத்து நிற்கும், கை மேலே போகாது. அதனால் கக்கத்தில் மட்டும் டயமன் வடிவத்தில் ஒற்றைத் துணி வைத்தேன், அதுவும் மூலைவாட்டில் வெட்டியது; அப்படி வெட்டினால் சாதாரணப் பருத்தியும் கொஞ்சம் இழுபடும். அந்தத் துண்டை யாரும் பார்க்கமாட்டார்கள், அதற்குத்தான் நான்கு தரம் வெட்டினேன்.

நியூசிலாந்தில் 1987இல் நெல்சன் நகரில் தொடங்கி இப்போது வெலிங்டனில் நடக்கும் அணியக்கூடிய கலைப் போட்டியின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். மரம், உலோகம் எல்லாம் உடுப்பாகி மேடையில் நடக்கும். அழகுதான், ஆனால் அதைப் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறமுடியாது. எனக்குக் கிட்டவானது எங்கள் இலங்கைக் கலைஞர்களின் வழிதான். பார்பரா சன்சோனியின் கைத்தறி நிறங்களைப் பாருங்கள். ஈனா டி சில்வா மெழுகு பூசிச் சாயம் தோய்க்கும் பத்திக் துணியை உடுக்கவும் கொடுத்தார், பெந்தோட்டை ஹோட்டல் ஒன்றின் உட்கூரையிலும் விரித்தார். இவர்கள் துணியைத் துணியாகவே வைத்திருந்தார்கள்.

ஒருமுறை ஒரு கண்காட்சிக்கு அந்தக் கோட்டைக் கொடுத்தேன். 2 கிலோ 300 கிராம். தோளில் இரண்டு ஆணியைக் குத்திச் சுவரில் தொங்கவிட்டிருந்தார்கள், நான்காம் நாள் தோள் கிழிந்தது, “மேடம், இது ஓவியம் மாதிரித்தானே” என்றார்கள். அப்புறம் யாருக்கும் கொடுப்பதில்லை.

சரி, கோட்டை விற்பீர்களா என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரு வாடிக்கைக்காரர் பிளவுஸ் அளவு கொடுக்க வந்தவர், கொடியில் கிடந்த கோட்டில் இடது கைக்கிட்ட விரலை வைத்து, “அக்கா, இது என்ர கூறையெல்லோ” என்றார். அரக்கு நிறம், இரண்டு விரல் அகலம், 1996இல் நான் வெட்டின பிளவுஸ் துண்டு. அந்தக் கல்யாணக் கூறைச் சாறி, வீடு மாறும்போது எங்கேயோ தொலைந்துவிட்டதாம். பிரித்துத் தரவா என்று கேட்டேன். வேண்டாம், இடைக்கிடை வந்து பார்க்கிறேன் என்றார். வருகிறார், வரும்போதெல்லாம் ஒரு பிளவுஸும் கொண்டுவருகிறார், இப்போது அவருடையதே மூன்று தைக்காமல் கிடக்கிறது.