அந்தப் படிவத்தை அவர் ஏன் பூர்த்தி செய்யவில்லை?

கேள்வி: ராஜபாளையம் பக்கம் நூல் மில் நடத்திய எங்கள் அப்பா காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. அவர் சொல்லிவிட்டுப் போனபடி 2 கோடி ரூபாய் போட்டு, அவர் பெயரில் கல்வி அறக்கட்டளை பதிவு செய்திருக்கிறோம். நியூ ஜெர்சியில் இருக்கும் அண்ணன், அமெரிக்கக் கொடையாளர் சக் ஃபீனி மாதிரி பத்து வருஷத்தில் மொத்தத்தையும் கொடுத்து முடித்து மூடிவிட வேண்டும் என்கிறார். எனக்கு அசலைத் தொடாமல் வட்டியில் காலத்துக்கும் நடத்த ஆசை. அப்பா படித்த பள்ளிக்கு அவர் பெயரில் ஒரு நுழைவாயில் வளைவும் கட்ட வேண்டும். தங்கை, குலதெய்வக் கோயிலில் அன்னதானம் போடலாம் என்கிறாள். இதனால் எங்களுக்குள் பேச்சே நின்றுவிடும் போலிருக்கிறது. உதவி கேட்டு வருபவர்களுக்கும் குறைவில்லை. அப்பாவிடம் 27 வருஷம் இருந்த டிரைவர்கூட மகளின் நர்சிங் படிப்புக்கு 40,000 கேட்டார். வேண்டியவர் வேண்டாதவர் பார்க்கக் கூடாது என்று விண்ணப்பப் படிவத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். இன்னும் பூர்த்தி செய்து தரவில்லை. (அப்பா எல்லாவற்றிலும் ஒழுங்கு. டிரைவர் சம்பளம்கூட மில் கணக்கில்தான் போகும். போன வருஷம் அவர் நின்றபோது வேட்டி சட்டையும் 50,000 ரூபாயும் வைத்துக் கொடுத்து கௌரவமாக அனுப்பி வைத்தோம்.) எங்கள் மூவரில் யார் சொல்வது சரி?

— பெயர் வேண்டாம், ராஜபாளையம்

பதில்: தம்பி, மூவரில் யார் சரி என்பதற்கு அப்புறம் வருகிறேன். வளைவுக்கு ஒரு வரி, அன்னதானத்துக்கு ஒரு வரி எழுதிய நீங்கள், 27 வருஷம் இருந்த மனிதருடைய கணக்கை அடைப்புக்குறிக்குள் போட்டு மூடிவிட்டீர்கள். எனக்கு அங்கேதான் கண் நின்றது.

டிரைவர் சம்பளம் மில் கணக்கில் போனது என்று அப்பாவின் ஒழுங்குக்குச் சாட்சியாக எழுதியிருக்கிறீர்கள். நல்லது. அப்படியானால் அவர் மில் தொழிலாளி. அவர் நின்ற அன்று கிராஜுவிட்டி, அதாவது நீண்ட நாள் வேலை பார்த்தவர் நிற்கும்போது சட்டப்படி தர வேண்டிய பணிக்கொடை, கொடுத்தீர்களா? கொடுத்திருந்தால் வேட்டி சட்டையை எழுதிய கை அதை எழுதாமல் விட்டிருக்காது.

கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. 1972-இல் சட்டம் வந்த நாளிலிருந்து விதி இதுதான்: வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம். மாதத்தை 26 நாளாக வைத்துக் கணக்குப் போட வேண்டும். கடைசியாக அவர் வாங்கிய சம்பளத்தை நீங்கள் எழுதவில்லை. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 18,000 என்று வைத்துக்கொள்வோம். அதை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, 27-ஆல் பெருக்குங்கள். 2,80,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே வரும். 30 நாளுக்குள் கொடுத்திருக்க வேண்டும். தாமதித்ததற்கு வட்டியும் உண்டு. அந்த 50,000-ஐக் கழித்துக்கொள்ளலாமா என்று மில் அக்கவுண்டன்ட் கேட்பார். தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்ததைத் திரும்பக் கணக்கில் எடுக்கிற குடும்பமா நீங்கள்? அப்படியே பி.எஃப். ஒழுங்காகப் பிடித்துக் கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இப்போது அந்தப் படிவத்துக்கு வாருங்கள். உங்களிடம் இரண்டே முக்கால் லட்சத்துக்கு மேல் வர வேண்டிய மனிதர் 40,000 கேட்கிறார். நீங்கள் அவருக்கு வருமானச் சான்று, மதிப்பெண் பட்டியல், பரிந்துரைக் கடிதம் என்று கேட்கிற காகிதத்தை அனுப்புகிறீர்கள். உங்களைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டவராகவும் இருக்கலாம். "குடும்பத்தைப் பற்றிச் சிறு குறிப்பு" என்று ஒரு கட்டம் இருந்திருக்குமே, அதில் என்ன எழுதுவார்? வேண்டியவர் வேண்டாதவர் பார்க்கக் கூடாது என்கிற நியாயம், ஊர் பேர் தெரியாமல் வருகிற பிள்ளைகளுக்கு. கடன் கொடுத்தவனை அந்த வரிசையில் நிறுத்தக் கூடாது.

அமெரிக்காவில் மெக்கன்ஸி ஸ்காட் போன்ற பெரும் பணக்காரர்கள் பெரும்பாலும் விண்ணப்பமே கேட்காமல், தாங்களே விசாரித்து, நிபந்தனை இல்லாமல் கொடுக்கிறார்கள். கேட்டு வாங்குகிறவனை இத்தனை காகிதம் சுமக்க வைக்கலாமா என்று அங்கே பெரிய விவாதம் நடக்கிறது. உங்கள் படிவத்தைக் கொஞ்சம் சுருக்குங்கள். யாருக்கு அனுப்புகிறோம் என்றும் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு, "சரி, அறக்கட்டளையிலிருந்தே கொடுத்துவிடுவோம்" என்று செக் எழுதிவிடாதீர்கள். அது மில்லின் கடன். அறங்காவலர்களின் தொழில் கடனை அறக்கட்டளைப் பணத்தில் அடைத்தால், வருமான வரித் துறை அதை நீங்கள் உங்களுக்கே கொடுத்துக்கொண்டதாகத்தான் பார்க்கும். வரிவிலக்கே ஆட்டம் காணும். மில் கணக்கிலிருந்து கொடுங்கள். மகளின் படிப்புச் செலவை உங்கள் மூவர் சட்டைப் பையிலிருந்து, அதற்கு மேலே, தனியாக.

இனி உங்கள் சண்டை. அண்ணன் நல்ல ஆளைத்தான் பிடித்திருக்கிறார். ஃபீனி டியூட்டி ஃப்ரீ கடைகளில் சம்பாதித்ததை, 1982-இல் தொடங்கிய அறக்கட்டளை வழியாக, பல வருஷம் வெளியே தெரியாமல், சுமார் 800 கோடி டாலர் வரை கொடுத்துத் தீர்த்துவிட்டு, 2020-இல் அதை மூடினார். கட்டடங்களில் தன் பெயர் போட விடவில்லை. கம்பெனியில் தன் பங்கை விற்றபோது நீண்ட நாள் ஊழியர்களுக்கும் ஒரு தொகை பிரித்துக் கொடுத்தார். இதை அண்ணன் உங்கள் குடும்ப குரூப்பில் போட்டாரா?

உங்கள் "காலத்துக்கும்" என்கிற ஆசையிலும் தப்பில்லை, ஆனால் எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. பச்சையப்ப முதலியார் தர்மத்துக்கு உயில் எழுதி வைத்துவிட்டு 1794-இல் இறந்தார். பணம் வழக்கிலும் வம்பிலும் சுற்றி, சென்னையில் அவர் பெயரில் பள்ளிக்கூடம் திறந்தது 1842-இல். நாற்பத்தெட்டு வருஷம்! உங்கள் மூவருக்கே இரண்டு வருஷத்தில் பேச்சு நிற்கப் பார்க்கிறது. அப்பாவைப் பார்த்திராத பேரப்பிள்ளைகள் என்ன செய்வார்கள்? அண்ணன் பக்கம்தான் நான் நிற்பேன், பத்து இல்லையென்றால் பதினைந்து வருஷம். தங்கையின் அன்னதானம் நல்ல காரியம், அதைத் தன் பணத்தில் செய்யட்டும். கல்விக்கு என்று பத்திரத்தில் எழுதிய பணத்தைச் சாப்பாட்டுக்குத் திருப்ப முடியாது.

வளைவு பற்றி. பக்கத்து விருதுநகரில் வியாபாரிகள் மகமையும் (வியாபாரத்தில் பொதுக் காரியத்துக்கு ஒதுக்கும் பங்கு) வீடுகள் பிடியரிசியும் (ஒரு கைப்பிடி அரிசி) கொடுத்து வளர்த்த பள்ளிக்கூடத்தில்தான் காமராஜர் படித்தார். அரிசி போட்ட பெண்கள் யாருடைய பெயரும் எந்த வளைவிலும் இல்லை. அப்பா பெயர் வேண்டுமென்றால் உதவித்தொகைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கல், சிமெண்டுப் பணத்தில் நாலைந்து பிள்ளைகள் பாலிடெக்னிக் முடிப்பார்கள்.

ஆனால் இதெல்லாம் அந்தக் கணக்கு தீர்ந்த பிறகு. அதுவரை எந்த விழாவும் வேண்டாம், யாருக்கும் காசோலை நீட்டிப் போட்டோ எடுக்க வேண்டாம். அண்ணன் அடுத்த தடவை ஊருக்கு வரும்வரை காத்திருக்காமல், நீங்களும் தங்கையும் இந்த வாரமே அந்த டிரைவர் வீட்டுக்குப் போங்கள். மில்லுக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லாதீர்கள். காரை நீங்களே ஓட்டுங்கள். புது டிரைவரை அவர் வாசலில் நிறுத்தி வைத்துக்கொண்டு இந்தப் பேச்சைப் பேச முடியாது.