எழுதாத சட்டத்தை மீறிப் பார்த்தால் என்ன நடக்கும்? உங்கள் கேள்விகளுக்குப் பதில்

மதுரையில் சமூகவியல் பாடம் நடத்துகிறேன். அன்றாட வழக்கம் ஒன்றை வேண்டுமென்றே மீறி, சுற்றியிருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனிக்கும் சோதனைகளைப் பற்றி யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சில இங்கே.

அக்கா, இதெல்லாம் ஒரு படிப்பா? யார் ஆரம்பித்து வைத்தது? (விளாங்குடி மாணவி)

படிப்புதான் தங்கம். ஹெரால்டு கார்ஃபிங்கல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1967-ல் வந்த தன் புத்தகத்தில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். சொந்த வீட்டிலேயே வாடகைக்குத் தங்க வந்தவரைப் போல கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை நடந்துகொள்ளச் சொல்லி மாணவர்களை அனுப்பினார். மரியாதையாகப் பேச வேண்டும், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் இருந்தவர்கள் திகைத்தார்கள், கோபப்பட்டார்கள், உடம்பு சரியில்லையா, வேலை போய்விட்டதா என்றெல்லாம் கேட்டார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இதுதான்: வழக்கம் உடைந்த உடனே ஜனங்கள் அதற்கு ஒரு காரணத்தைத் தாங்களே தேடிக் கண்டுபிடிக்கப் பார்க்கிறார்கள், காரணம் கிடைக்காதபோதுதான் கோபம் வருகிறது. நம் வீட்டில் அம்மாவிடம் போய், "ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக்கொள்ளலாமா?" என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள், "யாருகூடடீ சண்ட போட்டுட்டு வந்த?" என்பார்.

பஸ்ஸில் செய்து பார்க்க ஏதாவது சொல்லுங்கள் சார். (மேலூர்)

சார் இல்லை, மேடம். 1970-களில் ஸ்டான்லி மில்கிராம் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் நியூயார்க் சுரங்க ரயிலில் இதைத்தான் செய்தார். எந்தக் காரணமும் சொல்லாமல், "உங்கள் இடத்தை எனக்குத் தருவீர்களா?" என்று கேட்டபோது 68 சதவீதம் பேர் எழுந்தோ நகர்ந்தோ இடம் கொடுத்தார்கள். "நின்றுகொண்டு புத்தகம் படிக்க முடியவில்லை" என்று ஒரு அற்பக் காரணம் சொன்னபோது அது 42 சதவீதமாகக் குறைந்தது. காரணமே சொல்லாவிட்டால் பாவம், என்ன அவசரமோ என்று அவர்களே நினைத்துக்கொள்கிறார்கள். மில்கிராம் தானே கேட்கப் போனபோது வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிட்டது, இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகு நோயாளி மாதிரி தலையைக் கவிழ்த்துக்கொண்டாராம்.

மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதைக் கவனியுங்கள். டிக்கெட்டும் இல்லை, சட்டமும் இல்லை, ஆனால் அந்தத் துண்டை எடுத்து ஓரமாக வைத்தால் மொத்த பஸ்ஸும் துண்டுக்காரர் பக்கம்தான் பேசும். இதை மட்டும் செய்யாதீர்கள். முகூர்த்த நாள் கூட்டத்தில் கைகலப்பு வரை போகும்.

யாருக்கும் தொந்தரவு இல்லாத ஒன்று? புராஜெக்டுக்கு வேண்டும்.

பூ வாங்குங்கள். என் மாணவி ஒருத்தி சிம்மக்கல் பக்கம் பூக்கார அம்மாவிடம் இரண்டு முழம் மல்லி கேட்டாள். அவர் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை சரத்தை வைத்து அளக்கத் தொடங்கியதும், இவள் பையிலிருந்து தையல் டேப்பை எடுத்து நீட்டி, "இதுல அளந்து குடுங்கம்மா" என்றாள். அந்த அம்மா கை அப்படியே நின்றுவிட்டது. முதலில் சிரித்தார். இவள் சிரிக்காமல் நிற்கவும், "என் கைமேல நம்பிக்கை இல்லைன்னா வேற கடை பாரும்மா" என்று பூவைக் கூடையில் போட்டுவிட்டார். முழம் ஆளுக்கு ஆள் மாறும் என்பது வாங்குகிற எல்லோருக்கும் தெரியும், தெரிந்தும் யாரும் அளந்து பார்ப்பதில்லை. டேப்பை நீட்டியதும் பேச்சு நீளத்தை விட்டு நாணயத்துக்குப் போய்விடுகிறது. அவள் உடனே விஷயத்தைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, பூவும் வாங்கிக்கொண்டுதான் வந்தாள். அதைச் செய்யாமல் யாரும் திரும்பக் கூடாது.

டீக்கடையில் ஆண்களுக்கு நடுவே நான் நின்று டீ குடித்தால் அதுவும் சோதனையா? (உசிலம்பட்டி, பெண்)

நீங்கள் டீ குடிக்கப் போகிறீர்கள், அது உங்கள் உரிமை. கவனிக்க மட்டும் நிறைய இருக்கிறது. யாரும் திட்ட மாட்டார்கள். மாஸ்டர் "பார்சலாம்மா?" என்று அவராகவே கேட்பார், "உள்ள உக்காருங்க" என்று ஒருவர் இடம் காட்டுவார், பேசிக்கொண்டிருந்தவர்கள் குரலைத் தணிப்பார்கள். எல்லாமே மரியாதையாகத்தான் நடக்கும், அந்த மரியாதையே உங்களை அங்கிருந்து நகர்த்தப் பார்க்கும்.

லிஃப்டில் கதவுக்கு முதுகைக் காட்டி நிற்கலாமா?

தாராளமாக. 1962-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் நடிகர்களை அப்படி நிற்க வைத்தார்கள், விஷயம் தெரியாமல் ஏறியவரும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிவிட்டார்.

இரட்டைக் குவளையை எதிர்ப்பதும் இந்தக் கணக்கில் வருமா?

டீக்கடையில் தலித் மக்களுக்குத் தனிக் குவளை வைக்கும் சாதி வழக்கத்தை எதிர்ப்பது இதில் வராது, தயவுசெய்து சேர்க்காதீர்கள். கோயிலுக்குள் விடப்படாமல் இருந்த தலித் மக்களில் கக்கன் உள்ளிட்டோரை அழைத்துக்கொண்டு, காங்கிரஸ் தலைவர் வைத்தியநாதய்யர் 1939 ஜூலை 8 அன்று மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். அதுவும் காலங்காலமான வழக்கத்தை மீறியதுதான், ஆனால் யார் எப்படி முகம் சுளிக்கிறார்கள் என்று பார்ப்பதற்காக அவர்கள் போகவில்லை. அந்த நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுக்க ராஜாஜி அரசு அதே ஆண்டில் ஒரு சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. மாணவர் சோதனையில் "சும்மா பாடத்துக்காக" என்று சொன்னதும் முகங்கள் தெளிந்துவிடும். சாதி வழக்கத்தை மீறுகிறவருக்கு அப்படித் தப்பிக்க வழி கிடையாது, அடி விழும், வேலை போகும். அதைப் போராட்டம் என்றே சொல்லுங்கள்.

குறிப்பு எப்படி எடுப்பது?

வீடியோ வேண்டாம், கேமராவைப் பார்த்ததும் நடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். இருவராகப் போங்கள், ஒருவர் மீற, மற்றவர் தள்ளி நின்று பார்க்கட்டும். முதல் சில நொடிகளில் முகம் போன போக்கு, முதலில் வந்த வார்த்தை, அப்புறம் உங்களுக்கே நெஞ்சு படபடத்ததா என்பது, இந்த மூன்றையும் அடுத்த தெருவுக்குப் போவதற்குள் எழுதிவிடுங்கள்.