37 வயதில் தெரிந்த முகம்

அம்மா, வணக்கம்.

பிளஸ் டூ முடித்த மகள் நடிக்கத்தான் போவேன் என்கிறாள். இருபது வயதுக்குள் உள்ளே நுழையாவிட்டால் கதவு சாத்திவிடும் என்று ஓர் ஏஜென்ட் பயமுறுத்தி, போர்ட்ஃபோலியோவுக்கு, அதாவது புகைப்படத் தொகுப்புக்கு, ஐம்பதாயிரம் கேட்கிறார். கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்ட வேண்டாம்.

தொகையைப் படித்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. 1951இல் இத்தாலிய இயக்குநர் விஸ்கோன்தி எடுத்த 'பெலிஸ்ஸிமா' படத்தில் ஓர் அம்மா வருகிறாள். வீடு வீடாகப் போய் ஊசி போட்டுச் சம்பாதிப்பவள். சின்ன மகளை எப்படியாவது நடிகையாக்க வேண்டும் என்று, 'உள்ளே ஆள் தெரியும்' என்கிற ஒருவனிடம் 50,000 லிரா கொடுக்கிறாள். அவன் அதில் தனக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கிக்கொள்கிறான்! அதே படத்தில் எடிட்டிங் அறையில் ஒரு பெண் இருப்பாள். ஒன்றிரண்டு படத்தில் நடித்தவள். பிறகு யாரும் கூப்பிடவில்லை, பிலிம் ஒட்டும் வேலைக்கு வந்துவிட்டாள். அந்த ஒரு காட்சியை உங்கள் மகளோடு உட்கார்ந்து பாருங்கள்.

அந்த அம்மாவாக நடித்தவர் அன்னா மான்யானி. ஏஜென்டின் இருபது வயதுக் கணக்குக்கு அவரே பதில். 1908இல் ரோமில் பிறந்தவர். அங்கேயே நாடகப் பள்ளியில் படித்தார். பிறகு இரவு விடுதிகளில் பாட்டு, நாடகக் குழு, டோட்டோ என்ற சிரிப்பு நடிகரோடு மேடை நிகழ்ச்சிகள் என்று வருடங்கள் ஓடின. 1934லிருந்து படங்களும் உண்டு, ஆனால் பெரிதாகப் பேசப்படவில்லை. இயக்குநர் ரொசெல்லினியின் 'ரோம், திறந்த நகரம்' வந்த 1945இல் அவருக்கு வயது 37. அதிலும் பாதிப் படத்தில் செத்துப்போகிறார். ஜெர்மன் ராணுவம் ரோமைப் பிடித்து வைத்திருந்த காலத்துக் கதை அது. தனக்கு நிச்சயமானவனை அவர்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு போக, பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடி, நடுத்தெருவில் சுடப்பட்டு விழுகிறார். படம் பார்த்தவர்களுக்கு மறக்காதது அந்த ஓட்டம்தான். மேடையில் பழகிய உடம்பும் குரலும் ஓடிய ஓட்டம் அது.

இன்னொன்று, மொழி. அமெரிக்க நாடக ஆசிரியர் டென்னசி வில்லியம்ஸ் 'தி ரோஸ் டாட்டூ' நாடகத்தை இவரை மனதில் வைத்தே எழுதினார். தன் ஆங்கிலம் போதாது என்று இவர் நியூயார்க்கின் பிராட்வே மேடைக்குப் போகவில்லை. 1951இல் வேறொருவர் நடித்தார். சில வருடம் கழித்து அது படமானபோது இவரே நடித்து, 1956இல் ஆஸ்கர் வாங்கினார். அப்போது வயது 48. மகளின் தமிழ் உச்சரிப்பையும் ஆங்கிலத்தையும் இன்றே கவனியுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆஸ்கருக்குப் பிறகு எல்லாம் சுகம் என்றும் சொல்ல மாட்டேன். அறுபதுகளில் அவருக்குப் பட வாய்ப்புகள் குறைந்தன. 1965இல் மறுபடி மேடைக்குத்தான் போனார்.

அதனால் மகளை இப்போது ஒரு பட்டப்படிப்பில் சேருங்கள். டெல்லி தேசிய நாடகப் பள்ளிக்கே பட்டமும் மேடை அனுபவமும் வேண்டும். அட்மிஷனுக்குப் போகும்போது விடுதி வசதியோடு இதையும் விசாரியுங்கள்: அந்தக் கல்லூரியில் நாடகக் குழு உண்டா, வருடத்துக்கு எத்தனை நாடகம் போடுகிறார்கள், முதலாம் ஆண்டு மாணவிக்கு வேஷம் தருவார்களா?