கேளுங்கள், வாத்தியார் சொல்கிறார்: தண்ணீர்மலையில் வட்டமிட்டது கருடனா?

கேள்வி: தைப்பூசத்துக்கு முந்தின வாரம் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோவில் படியேறினேன். பாதியில் மூச்சு வாங்க நின்றபோது, ஒரு பெரிய பறவை கத்திக்கொண்டே தலைக்கு மேல் வட்டமிட்டது. கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பேரனோ "அது கருடன் இல்லை பாட்டி" என்று சிரிக்கிறான். யார் சொல்வது சரி?
– வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: பேரன் ஜெயித்துவிட்டான் அம்மா. வருத்தப்படாதீர்கள், இதே தப்பை நான் முப்பது பிள்ளைகள் முன்னால் செய்தவன்.

வேலையில் இருந்த காலத்தில், ஐந்தாம் வகுப்பைத் தண்ணீர்மலை அடிவாரத்துத் தாவரவியல் பூங்காவுக்கு அழைத்துப் போயிருந்தேன். பத்தரை மணி வெயில். மேலே ஒன்று வட்டமிட்டதும், "பாருங்கள், பெருமாளின் வாகனம்!" என்று கையை நீட்டிப் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டேன். பக்கத்தில் சருகு கூட்டிக்கொண்டிருந்த மலாய்ப் பெரியவர் துடைப்பத்தை நிறுத்தினார். "புக்கான், சிக்கு. இத்து லாங் குயிக்" என்றார். இல்லை வாத்தியாரே, அது லாங் குயிக். சொல்லிவிட்டுத் தன் காதைத் தொட்டுக் காட்டினார். அப்போதுதான் கேட்டேன்: "குயிக்… குயீ, குயீ" என்று, விசில் அடித்தது போல. தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டு ஒரு பறவை. முப்பது பிள்ளைகளும் சிரித்தார்கள். நானும் வேறு வழியில்லாமல் சிரித்தேன்.

தமிழில் அதைக் கொண்டைப் பாம்புக் கழுகு என்கிறோம். இந்தியா, இலங்கை தொடங்கி நம் மலேசியா, இந்தோனேசியா வரை காடு இருக்கும் இடத்தில் இருக்கும். உடம்பு இரண்டடி நீளம். நீங்கள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால், விரித்த இறக்கையின் பின்விளிம்பில் கறுப்புப் பட்டை, அதை ஒட்டி உள்ளே வெள்ளைப் பட்டை. வாலிலும் அதே மாதிரி அகலமாக ஒரு வெள்ளைக் கோடு. கிட்டத்தில் உட்கார்ந்திருந்தால் கண்ணுக்கும் அலகுக்கும் நடுவே மஞ்சள் தோல் தெரியும். கொண்டை பிடரியில் படிந்து கிடக்கும், உணர்ச்சி வந்தால்தான் விசிறி மாதிரி விரியும்.

கருடன் என்று நாம் கும்பிடுவது செம்பருந்தை. தலையும் மார்பும் வெள்ளை, மற்ற உடம்பு செங்கல் நிறம். கும்பாபிஷேகத்தில் கலசத்துக்கு மேல் சுற்றியது என்று பேசிக்கொள்வோமே, அதுதான். அதன் குரலில் விசில் கிடையாது, பூனைக்குட்டி சிணுங்குவது போல மெலிசாக இழுக்கும். "கத்திக்கொண்டே" என்று நீங்கள் எழுதியதைப் படித்தவுடனே எனக்கு முக்கால்வாசி தெரிந்துவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை. பாம்புக்குப் பரம வைரி கருடன் என்கிறது புராணம். ஆனால் நம் செம்பருந்து பெரும்பாலும் கடலோரத்தில் செத்து மிதக்கும் மீனையும் மீன்குடலையும் பொறுக்கி வயிறு வளர்க்கிறது. ஜெட்டிப் பக்கம் போய் நின்றால் பார்க்கலாம். நிஜமாகவே பாம்பைப் பிடித்துத் தின்னுவது இந்த லாங் குயிக். காட்டோர மரக்கிளையில் மணிக்கணக்காக அசையாமல் உட்கார்ந்திருக்கும். கீழே ஏதாவது நெளிந்தால் பொத்தென்று இறங்கும். காலில் முட்டிக்குக் கீழே இறகு இல்லை, கெட்டியான செதில்தான். அதில் பாம்பின் பல் இறங்குவது லேசில்லை. விரல்கள் குட்டையாக, பலமாக இருக்கும், வழுக்குகிற பாம்பை இறுக்கிப் பிடிக்க. வேலையெல்லாம் இது செய்கிறது, கும்பிடு மட்டும் அங்கே போகிறது. அதனால் நீங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டது வீண் இல்லை அம்மா. பேரனிடம் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: இந்தப் பாம்புக் கழுகு கோழிக்குஞ்சைத் தூக்குமா? ஒரே மாதத்தில் என் வீட்டில் நான்கு குஞ்சு காணோம்.
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: பாம்பு, பல்லி, ஓணான், தவளை, எப்போதாவது எலி, சின்னப் பறவை. அதன் சாப்பாடு இவ்வளவுதான். காட்டை விட்டு உங்கள் வீட்டுக் கொல்லைக்கு வர அதற்கு அவசியமும் இல்லை. நான் சந்தேகப்படுவது காக்காயை, அப்புறம் செம்பருந்தை. ஆமாம், அதே கருடனைத்தான். கூண்டுக்கு மேலே வலை போட்டுவிடுங்கள்.

கேள்வி: லங்காவி கப்பல்துறையில் நிற்கும் பெரிய கழுகுச் சிலை எந்தப் பறவை?
– வாசகி, ஜார்ஜ்டவுன்

பதில்: செம்பருந்துதான், நிறத்தைப் பாருங்கள். "ஹெலாங்" என்றால் கழுகு, "காவி" என்றால் செம்மண் நிறம், இரண்டும் சேர்ந்து லங்காவி ஆனது என்று அங்கே சொல்வார்கள். நம் காவி வேட்டி ஞாபகம் வருகிறது இல்லையா? எனக்கும்தான்.

கேள்வி: எனக்கு 14 வயது. கோலாலம்பூரில் பாம்புக் கழுகைப் பார்க்க முடியுமா? புலனம் (வாட்ஸ்அப்) வழியாக ஒரு படம் அனுப்பியிருக்கிறேன், இது அதுவா?
– மாணவர், செந்தூல்

பதில்: தம்பி, உன் படத்தில் நீல வானமும் ஒரு கறுப்புப் புள்ளியும் இருக்கின்றன. புள்ளி கழுகாகவும் இருக்கலாம், உன் கேமராவில் ஒட்டிய தூசியாகவும் இருக்கலாம். அப்பாவை அழைத்துக்கொண்டு கெப்போங் வன ஆராய்ச்சி நிலையத்துக்குப் போ. விடியற்காலையில் ஓட வேண்டாம், நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். வெயில் ஏறி, தரை சூடாகிக் காற்று மேலே கிளம்பிய பிறகுதான் அது இறக்கையை விரித்து மிதக்கும். பத்திலிருந்து பன்னிரண்டு மணி வரை நல்ல நேரம். முதல்நாள் மழை பெய்திருந்தால் இன்னும் நல்லது. படம் எடுக்கச் சிரமப்படாதே. கைபேசியில் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பு, நான் கேட்டுச் சொல்கிறேன்.