மரப் பராமரிப்புத் தொழிலில் அனுபவம் இல்லாதவருக்கு முதல் வேலை எப்படிக் கிடைக்கும்?

மரப் பராமரிப்பு என்பது, காய்ந்த, நோயுற்ற அல்லது முறிந்துவிழக்கூடிய கிளைகளை, மரத்துக்கும் கீழே இருப்பவர்களுக்கும் தீங்கு நேராமல் அகற்றும் தொழில். தேவைப்பட்டால் முழு மரத்தையும் துண்டுதுண்டாக இறக்குவதும் இதில் அடங்கும்.

புதியவருக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் தரைப்பணிதான், அதாவது மரத்தில் ஏறாமல் கீழே நின்று துணைபுரியும் வேலை. மேலே இருப்பவரின் உயிர், கீழே கயிறு பிடிப்பவரின் கவனத்தில் இருப்பதால், அந்தக் கவனத்தை முதலில் பழக வேண்டும் என்பதே அதற்குக் காரணம். கனமான கிளையை இறக்கும்போது, கயிற்றை அடிமரத்தில் சில சுற்றுகள் சுற்றி, அந்த உராய்வின் துணையோடு சீராக விட வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவோ, கிளைக்கு நேர் கீழே நிற்கவோ கூடாது. இந்தப் பழக்கம் படியாதவரைப் பொறுப்புள்ள எவரும் மரத்தில் ஏற்ற மாட்டார்கள். கொத்தனாரிடம் சேர்ந்தவர் கரணையைத் தொடும் முன் கலவை கலக்கக் கற்பதைப் போன்றது இது.

ஆகவே சிறு நிறுவனங்களை நேரில் அணுகி, தரைப்பணிக்கு ஆயத்தமாக இருப்பதாகச் சொல்லுங்கள். முதலுதவிப் பயிற்சியும் சங்கிலி ரம்பப் பயிற்சிச் சான்றிதழும் உதவும். வெட்டிய மரத்தை ஏற்றிச் செல்ல ஆள் தேவைப்படுவதால், ஓட்டுநர் உரிமமும் அவற்றுக்குக் குறைந்ததல்ல என்பது என் கருத்து. கிளையைத் தண்டோடு ஒட்ட வெட்டாமல், அது தண்டோடு சேரும் இடத்தில் புடைத்திருக்கும் வளையத்துக்குச் சற்று வெளியே வெட்ட வேண்டும், அந்தத் திசுவே வெட்டுவாயை மூடுகிறது என்பதை அறிந்து செல்வது உங்கள் அக்கறையைக் காட்டும்.

சொந்தமாக ரம்பமும் ஏறும் கருவிகளும் வைத்திருந்தால்தான் வேலை கிடைக்கும் என்று பலர் எண்ணுவது தவறு. பயிற்சி பெறாதவரின் கையில் அவை இருப்பது முதலாளிக்குக் கவலையையே தரும்.