அறிவித்த தேதியும் வந்த தேதியும்

அன்புள்ள ஐயா,

உக்ரைன் போரைத் தொடக்கத்திலிருந்தே பின்தொடர்கிறேன். தூங்கப்போகும் முன் போர்முனை வரைபடத்தைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. ஜாவெலின் ஏவுகணை, ஹைமார்ஸ் ராக்கெட் ஏவி, லெப்பர்ட் டாங்கி, எஃப்-16 போர் விமானம் என்று ஒவ்வொன்று வந்தபோதும் ‘இனிப் போரின் போக்கே மாறும்’ என்று படித்தேன், நம்பினேன். வரைபடத்தின் கோடு பெரிதாக நகரவில்லை. இந்த ஆயுதங்களால் உண்மையில் பயன் உண்டா? அல்லது என் அலுவலக நண்பர் சொல்வதுபோல மேற்கு நாடுகள் பழைய சரக்கைத் தள்ளிவிட்டுப் போரை நீட்டிக்கின்றனவா? நீங்கள் எதைப் பார்த்து இந்தப் போரைப் புரிந்துகொள்கிறீர்கள்?

கே., ஈரோடு

அன்புள்ள கே.,

உங்கள் பட்டியலில் ஆயுதங்களின் பெயர்கள் இருக்கின்றன. தேதியும் எண்ணிக்கையும் இல்லை. செய்திகளும் அப்படித்தான் வருகின்றன. ஓர் ஆயுதத்தைத் தருவதாக அறிவிக்கும் நாள் ஒன்று, அது எல்லையைக் கடக்கும் நாள் வேறு, போதுமான அளவில் போர்முனையில் சுடத் தொடங்கும் நாள் இன்னும் வேறு. இடையில் மாதங்கள் ஓடுகின்றன. அந்த மாதங்களில் எதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை.

ஹைமார்ஸை எடுத்துக்கொள்வோம். 2022 ஜூன் இறுதியில் முதல் தவணையாக வந்தவை வெறும் நான்கு. ஆனாலும் அவை பெரிய வேலையைச் செய்தன. காரணம் ரஷ்யப் படையின் பழக்கம். அது ரயிலை நம்பியிருக்கும் படை. பீரங்கிக் குண்டுகளைத் தண்டவாளத்துக்கு அருகே பெரிய கிடங்குகளில் குவித்து வைத்திருந்தது. உக்ரைனின் பீரங்கிகள் அவ்வளவு தூரம் எட்டா என்ற தைரியம். ஹைமார்ஸ் ராக்கெட் சுமார் 80 கிலோமீட்டர் போகும். ஜூலையில் கிடங்குகள் வரிசையாக எரிந்தன. தென் உக்ரைனின் கெர்சானில் நிப்ரோ ஆற்றின் மேலிருந்த அந்தோனிவ்கா பாலத்தை மீண்டும் மீண்டும் துளைத்து, கனரக வாகனங்கள் போகமுடியாதபடி செய்தார்கள். ஆற்றுக்கு மேற்கே இருந்த ரஷ்யப் படைக்கு உணவும் குண்டும் படகிலும் மிதவையிலும் போகவேண்டிய நிலை. நவம்பர் 11 அன்று உக்ரைன் கெர்சான் நகருக்குள் நுழைந்தது. ஆனால் அதற்குள் ரஷ்யர்களும் பாடம் படித்துவிட்டார்கள். கிடங்குகளைச் சிறிதாக்கிச் சிதறடித்தார்கள், பின்னுக்குத் தள்ளினார்கள், ராக்கெட்டுக்கு வழிகாட்டும் ஜிபிஎஸ் சமிக்ஞையைக் குழப்பும் கருவிகளைப் பெருக்கினார்கள்.

ஜெர்மன் தயாரிப்பான லெப்பர்ட்டின் கதை இதற்கு நேர்மாறு. கார்கிவ் பகுதியில் ரஷ்யப் படை நிலைகுலைந்து ஓடியது 2022 செப்டம்பரில். டாங்கிகள் தேவைப்பட்டது அப்போது. ஜெர்மனி சம்மதித்ததோ 2023 ஜனவரி 25 அன்று. உக்ரைனின் எதிர்த்தாக்குதல் தொடங்கியது ஜூனில். அதற்குள் தெற்கே சப்போரிஜியா பகுதியில் பதுங்குகுழிகள், கான்கிரீட் தடுப்புகள், கிலோமீட்டர் கணக்கில் கண்ணிவெடிகள். முதல் வாரத்திலேயே ஒரிகிவ் நகருக்குத் தெற்கே லெப்பர்ட்களும் பிராட்லி என்ற அமெரிக்கக் கவச வண்டிகளும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு செயலற்றுக் கிடந்த படம் உலகெங்கும் சுற்றியது. ரொபோட்டினே என்ற ஒரு சிற்றூரை மீட்கவே ஆகஸ்ட் இறுதி ஆகிவிட்டது. எட்டவேண்டிய இலக்கான அசோவ் கடல் எங்கோ இருந்தது. டாங்கி மோசமானது என்று அன்று பலர் தீர்ப்பு எழுதினார்கள். வான்வழிப் பாதுகாப்பே இல்லாமல் அப்படியொரு கண்ணிவெடி வயலுக்குள் எந்த நேட்டோ நாடு தன் படையை அனுப்பியிருக்கும்?

பெயரில்லாத ஒரு பொருளைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. 155 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டு. ஒன்று சுமார் 45 கிலோ. இந்தப் போரின் அன்றாடச் சோறு அதுதான். போர் தொடங்கியபோது அமெரிக்கா மாதத்துக்குச் சுமார் 14,000 குண்டுகள் தயாரித்துக்கொண்டிருந்தது. உக்ரைன் அதைச் சில நாட்களில் சுட்டுத் தீர்த்துவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2023 மார்ச்சில் ஓராண்டுக்குள் பத்து லட்சம் குண்டுகள் தருவதாகச் சொன்னது. கெடு முடிந்தபோது ஏறக்குறைய பாதிதான் போய்ச் சேர்ந்திருந்தது. அதே காலத்தில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் சுமார் 61 பில்லியன் டாலர் உதவி மசோதா மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. 2024 பிப்ரவரியில் கிழக்கு உக்ரைனின் அவ்தீவ்கா நகரம் ரஷ்யாவிடம் வீழ்ந்தது. அங்கிருந்த பீரங்கி வீரர்களிடம் பீரங்கி இருந்தது, சுடக் குண்டு இல்லை. மசோதா ஏப்ரலில்தான் சட்டமானது.

கோடு நகரவில்லை என்கிறீர்கள். அந்தக் கோடு நிலத்தை மட்டுமே காட்டும். பேட்ரியாட் என்ற அமெரிக்க வான்பாதுகாப்பு அமைப்பு 2023 ஏப்ரலில் வந்தது. தடுக்கவே முடியாது என்று ரஷ்யா பெருமை பேசிய கின்ஷால் ஏவுகணையை மே மாதத் தொடக்கத்திலேயே கீவ் வானில் வீழ்த்தியது. அது எந்த வரைபடத்தில் தெரியும்? பிரிட்டனின் ஸ்டார்ம் ஷேடோ ஏவுகணைகளும் உக்ரைனே செய்த கடல் ட்ரோன்களும் சேர்ந்து, ரஷ்யாவின் கருங்கடல் கப்பற்படையின் முக்கியக் கப்பல்களைக் கிரிமியாவின் செவஸ்தபோலிலிருந்து ரஷ்யத் துறைமுகமான நொவொரொசீஸ்க்குக்கு விரட்டின. உக்ரைனின் தானியக் கப்பல்களைக் கருங்கடலில் பாதுகாப்பாகப் போகவிடும் ஒப்பந்தத்திலிருந்து ரஷ்யா விலகிய பிறகும் ஒடேசாவிலிருந்து தானியக் கப்பல்கள் புறப்பட்டன. என்னைக் கேட்டால் வந்த ஆயுதங்களின் ஆகப்பெரிய பலன் இதுதான். உங்கள் கோட்டில் இதற்கு ஒரு புள்ளிகூட இல்லை. 2024 ஆகஸ்டில் பணியில் இறங்கிய எஃப்-16களும் பெரும்பாலும் ஏவுகணைகளையும் ட்ரோன்களையும் வீழ்த்தும் காவல் வேலையில்தான் இருந்தன.

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. கொடுக்கப்பட்டவற்றில் கிடங்கில் தூசி படிந்து கிடந்தவை நிறைய. அமெரிக்கா ராணுவ உதவிக்கு ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதி அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்கே போனது. உக்ரைன் தோற்கக்கூடாது, ரஷ்யாவும் அளவுக்கு மீறிச் சீண்டப்படக்கூடாது என்ற கணக்கில்தான் ஒவ்வொன்றும் தயங்கித் தயங்கி வந்தது. போர் நீண்டதில் அந்தத் தயக்கத்துக்குப் பங்குண்டு என்றே நினைக்கிறேன். ஆனால் ஆயுதம் கொடுக்காவிட்டால் போர் முடிந்திருக்கும் என்று அவர் சொல்வாரானால், 2022 மார்ச் இறுதியில் ரஷ்யப் படை விலகிய பிறகு, கீவ் அருகே புச்சா நகரின் தெருக்களில் பொதுமக்களின் உடல்கள் எப்படிக் கிடந்தன என்று அவரைப் படிக்கச் சொல்லுங்கள். ரஷ்யா பிடித்த ஊரில் போர் அப்படித்தான் முடிகிறது. 2025 மார்ச்சில் அமெரிக்கா ஆயுதத்தையும் உளவுத் தகவலையும் ஒரு வாரம்போல நிறுத்தியது. உக்ரைன் சரணடையவில்லை, ரஷ்யா தாக்குவதை நிறுத்தவும் இல்லை.

நான் பார்ப்பவை மூன்று. ஜெர்மனியின் கீல் ஆய்வு நிறுவனம் உதவிகளை நாடுவாரியாகத் தொகுக்கிறது. அதில் வாக்களித்ததும் ஒதுக்கியதும் தனித்தனியே இருக்கும், இரண்டாவதை மட்டும் படியுங்கள். ஓரிக்ஸ் குழு படமோ காணொளியோ சான்றாக உள்ள தளவாட இழப்புகளை மட்டும் எண்ணுகிறது, ஆகவே அதைக் குறைந்தபட்சக் கணக்காக எடுத்துக்கொள்ளுங்கள். டீப்ஸ்டேட் என்ற போர்முனை வரைபடம் உக்ரைனியர்கள் நடத்துவது. அதைத் தினமும் பார்க்கவேண்டாம், மாதம் ஒருமுறை போதும்.